கேரவன்: தமிழில் சாத்து

படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிக்கு இன்று நாம் கேரவன் என்கிறோம். புகாரா, சமர்கந்து, கீவா என்று பட்டுப்பாதையின் பாலை நகரங்களைப் பற்றிப் படிக்கும்போது எதிர்ப்படும் கேரவன் வேறு. அது வண்டியல்ல, கூட்டம். சரக்கேற்றிய ஒட்டகங்கள், வணிகர்கள், வழிகாட்டிகள், காவலாட்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து போகும் பயணக் கூட்டம்.

மூலச்சொல் பாரசீகத்துக் கார்வான். ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் ஆங்கிலத்தில் கேரவன் ஆனது. அங்கே மெல்ல மெல்லக் கூட்டம் என்ற பொருள் தேய்ந்து, கூரை போட்ட பெரிய வண்டி என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லின் கடைசித் துண்டுதான் 'வேன்'. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வேன் வரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் கூட்டமாகப் போனார்கள்? வழியெங்கும் பாலைவனம். உஸ்பெகிஸ்தானின் கிசில்கும் பாலை என்றால் செம்மணல். அதற்குத் தெற்கே துர்க்மெனிஸ்தானின் காரகும் பாலை என்றால் கருமணல். இரண்டுக்கும் இடையில் சமர்கந்தையும் புகாராவையும் வாழவைத்தது ஜரஃப்ஷான் ஆறு. ஆற்றங்கரையை விட்டு விலகினால் தண்ணீரும் இல்லை, கொள்ளையரிடமிருந்து காப்பாற்ற ஆளும் இல்லை. ஆகவே ஒட்டகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் பிணைத்து நடத்தினார்கள். வரிசையின் கடைசி ஒட்டகத்துக்கு மணி கட்டுவதுண்டு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மணிச்சத்தம் நின்றால் நடுவில் எங்கோ கயிறு அறுந்துவிட்டது என்று பொருள்.

இரவில் தங்கும் இடம் கார்வான்சராய். நான்கு புறமும் உயர்ந்த மதில், ஒரே ஒரு பெரிய வாசல், உள்ளே முற்றம், சுற்றிலும் அறைகளும் கிடங்குகளும் தொழுவமும். தில்லியில் யூசுப் சராய், பேர் சராய் என்று இன்றும் பேருந்து நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்களில் இருப்பது இதே சராய்தான். சமர்கந்து–புகாரா வழியில் 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ரபாதி மாலிக் சராயில் இப்போது எஞ்சி நிற்பது வாசல்தான். எதிரே, குவிமாடம் போட்டு மூடிய ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. அதன் பெயர் சர்தோபா, அதாவது குளிர்நீர். வெயில் படாமல், மணல் விழாமல் தண்ணீரைக் காத்த கட்டடம். 2023இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஜரஃப்ஷான்–காரகும் வழித்தடத்தில் இந்த இடமும் அடங்கும்.

சரி, கேரவனுக்குத் தமிழில் என்ன சொல்வது? 'வண்டித்தொடர்', 'பயணிகள் கூட்டம்' என்றெல்லாம் புதிதாக உருவாக்கத் தேவையே இல்லை. சாத்து என்ற சொல் நம்மிடம் சங்க காலம் தொட்டே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் 'அணர்ச்செவிக் கழுதைச் சாத்தொடு வழங்கும் உல்குடைப் பெருவழி' என்று வருகிறது. நிமிர்ந்த காதுடைய கழுதைகள், சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகில் மிளகுப் பொதியோடு, சுங்கம் வாங்கும் பெருவழியில் கூட்டமாகப் போகின்றன. ஒட்டகத்துக்குப் பதில் கழுதை, பட்டுக்குப் பதில் மிளகு. மற்றபடி இது கேரவனேதான்.

வடமொழியில் வணிகக் கூட்டத்துக்குச் சார்த்த, அதை நடத்திச் செல்பவனுக்குச் சார்த்தவாக என்று பெயர். தமிழ்ச் சாத்தும் சாத்துவனும் பிராகிருதம் வழியாக வந்த இவற்றின் உறவுகள். கோவலனின் தந்தை பெயரைப் பாருங்கள்: மாசாத்துவான். பெருஞ்சாத்தின் தலைவன். கண்ணகியின் தந்தை மாநாய்கனோ கடல்வணிகன்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான். சமர்கந்தைச் சேர்ந்த சோக்தியர்கள்தாம் பல நூற்றாண்டுகள் பட்டுப்பாதையின் முதன்மை வணிகர்கள். சாத்துத் தலைவனை அவர்கள் 'சார்த்தபாவ்' என்றார்கள். இதுவும் அதே சார்த்தவாகவிலிருந்து பிறந்தது. அது சீனத்துக்குப் போய் 'சாபாவோ' ஆகி, அங்கே குடியேறிய சோக்தியர்களின் தலைவருக்கு அரசு தரும் பதவிப்பெயராகவே ஆயிற்று. சீனாவின் சியான் நகரில் 2003இல் கண்டெடுத்த வீர்காக் என்ற சாபாவோவின் கல்லறை 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கல்வெட்டு சோக்திய மொழியிலும் சீனத்திலும் இருக்கிறது. கற்பலகையில் பொதி சுமந்த ஒட்டகங்களோடு ஒரு சாத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாசாத்துவானும் வீர்காக்கும் ஒரே பட்டத்தைச் சுமந்தவர்கள்.

ஆகவே பட்டுப்பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் தயங்காமல் சாத்து என்றே எழுதலாம். கதவைச் சாத்து, மாலை சாத்து என்பவற்றோடு குழம்பாமலிருக்க முதல் இடத்தில் 'வணிகச் சாத்து' என்று போட்டால் போதும். தலைவன் சாத்துவன். கார்வான்சராய்க்குச் சிலர் சத்திரம் என்று எழுதுகிறார்கள். சத்திரம் என்றதும் நமக்கு அன்னதானம் நினைவுக்கு வருகிறது, கிடங்கும் தொழுவமும் வருவதில்லை. 'சாத்துச் சாவடி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நடிகர்களின் வண்டி கேரவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.