குதிரைக்குக் கால் ஒடிஞ்சா சுரங்க வேலை ஏன் நிக்கணும்? மேனேஜ்மென்ட் தத்துவங்கள் பொறந்த கதை

ப்ளஸ் டூல காமர்ஸ் எடுத்தவங்களுக்கு ஹென்றி ஃபேயோல் பேரு கண்டிப்பா ஞாபகம் இருக்கும். மேலாண்மைத் தத்துவங்கள் 14ன்னு வரிசையா மனப்பாடம் பண்ணி எழுதியிருப்போம், ஆனா அதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு, எதுக்காக வந்துச்சுன்னு பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. எனக்கு அது பெரிய வருத்தம்தான், ஏன்னா அது ஆரம்பிச்சது ஒரு நிலக்கரி சுரங்கத்துக்குள்ள, அங்க இருந்து பாத்தோம்னா மனப்பாடமே தேவைப்படாது.

ஃபேயோல் 1841ல இஸ்தான்புல்ல பொறந்த பிரெஞ்சுக்காரர், 19 வயசுல மைனிங் படிச்சு முடிச்சுட்டு 1860ல பிரான்ஸ்ல கொமந்த்ரி சுரங்கத்துல இன்ஜினியரா சேர்றார். அந்தக் காலத்துல பூமிக்கு அடியில வண்டி இழுக்க குதிரைதான். 1861 மே மாசம் ஒரு நாள் காலைல 6வது லெவல்ல வேலை செஞ்ச குதிரைக்கு கால் ஒடிஞ்சுபோச்சு. உடனே வேற குதிரை வேணும்னு ஃபேயோல் ஆர்டர் எழுதிக் குடுக்குறார், லாயத்தப் பாத்துக்கிறவர் வாங்க மாட்டேன்னுட்டார், அதுல டைரக்டர் கையெழுத்து இல்லையாம். டைரக்டர் அன்னிக்கு இல்ல, அவருக்குப் பதிலா இன்னார்னு யாரையும் நியமிக்கவும் இல்ல. எவ்வளவோ கெஞ்சியும் எனக்கு உத்தரவு இப்படித்தான்னு அவர் அசையல. 6வது லெவல்ல உற்பத்தி போச்சு. இதை ஃபேயோல் தன் நோட்டுல எழுதி வெச்சிருக்கார்.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க, நிலக்கரி இருக்கு, தொழிலாளிங்க இருக்காங்க, விஷயம் தெரிஞ்ச இன்ஜினியரும் பக்கத்துலயே நிக்கிறார், லாயக்காரரும் தனக்குச் சொன்னபடி ஒழுங்காத்தான் நடந்துக்கிட்டார், அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அப்புறம் ஏன் வேலை நின்னுச்சுன்னா, அந்த லெவலோட பொறுப்பு ஒருத்தர்கிட்ட இருக்கு, அதுக்கான அதிகாரம் அங்க இல்லாத இன்னொருத்தர்கிட்ட இருக்கு. அதிகாரமும் பொறுப்பும் ஒண்ணா இருக்கணும்னு 14ல ஒண்ணு வருதே, அதைப் படிக்கிறப்போ இந்தக் குதிரைய நினைச்சுக்கிட்டா போதும்.

1888ல அவரை மொத்த கம்பெனிக்கும் தலைமைப் பொறுப்புல வெக்கிறாங்க, அப்போ கம்பெனி திவாலாகுற நிலைமை, 1885லேர்ந்து பங்குதாரர்களுக்கு டிவிடெண்டே (லாபத்துல பங்கு) குடுக்கல. அவர் அதைத் தூக்கி நிறுத்தினார். அதே சுரங்கம், அதே ஆளுங்க, அதே மார்க்கெட், நிர்வாகம் பண்ற விதம் மட்டும்தான் மாறுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். அது முழுக்க சரின்னு நான் நினைக்கல, நடுவுல சில ஆலைகள மூடினார், புதுசா சுரங்கங்களும் வாங்கினார், அதுவும் கணக்குல வரணும். ஆனா அதுலேர்ந்து அவர் பிடிச்ச விஷயம் உண்மை. நிர்வாகம்ங்கறது தொழில்நுட்ப அறிவுலேர்ந்து தனியான ஒரு திறமை, மேல போகப் போக அதோட தேவை கூடிக்கிட்டே போகும். 1916ல மேலாண்மை பத்தி எழுதி வெளியிட்டதுல இதுக்கு ஒரு உத்தேச அட்டவணையே போட்டார், தொழிலாளிக்குத் தேவையான திறமைல தொழில்நுட்பம் 85 சதவீதம் நிர்வாகம் 5, பெரிய கம்பெனி மேனேஜருக்கு தொழில்நுட்பம் 15 தான், நிர்வாகம் 40. நல்லா வேலை செய்றவரை மேனேஜர் ஆக்கினதும் அவர் ஏன் திணறுறார்ங்கறதுக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

அப்புறம் அந்த 14ல இன்னொண்ணு, ஒருத்தருக்கு ஒரே பாஸ்தான் இருக்கணும்ங்கறது. அதே காலத்துல அமெரிக்காவுல ஃபிரெடெரிக் டெய்லர்ங்கற மேலாண்மை நிபுணர் இதுக்கு நேர் எதிரா சொன்னார், ஒரு தொழிலாளிக்கு 8 ஃபோர்மேன் (மேற்பார்வையாளர்), வேகத்துக்கு ஒருத்தர், ரிப்பேருக்கு ஒருத்தர், தரம் பாக்க ஒருத்தர்னு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க துறைல கெட்டிக்காரங்கதான், ஆனா ஒருத்தர் சீக்கிரம் முடின்னும் இன்னொருத்தர் பொறுமையா செய்யின்னும் சொன்னா தொழிலாளி யார் பேச்சைக் கேப்பார்? ஃபேயோல் இதை ஏத்துக்கவே இல்ல.

சரி, எல்லாரும் தன் ஒரே பாஸ் வழியாத்தான் போகணும்னா வேற ஒரு சிக்கல் வருது, இங்கதான் எனக்கு ஃபேயோல் மேல மரியாதை கூடுது. உச்சில A, அவருக்குக் கீழ ரெண்டு துறை, ஒரு பக்கம் B, C, D, E, Fன்னு படிப்படியா இறங்குது, இன்னொரு பக்கம் L, M, N, O, P. F தன் மட்டத்துல இருக்குற P கிட்ட ஒரு சின்ன விஷயம் கேக்கணும். முறைப்படி பாத்தா A வரைக்கும் 5 படி ஏறி, அந்தப் பக்கம் 5 படி இறங்கணும், பதில் வர்றதுக்கு திரும்ப 10, ஆக 20 கை மாறணும், ஒவ்வொரு கையிலயும் அந்தத் தாள் காத்துக் கிடக்கும். பெரிய நிறுவனங்கள்ல, அதுவும் அரசாங்கத்துல, இந்தப் பாதை ரொம்ப நீளமாயிடுதுன்னு அவரே சொன்னார்.

அதுக்கு அவர் போட்டது F லேர்ந்து P க்கு நேரா ஒரு பலகைப் பாலம். 20 இருந்தது 2 ஆயிடும். அப்போ ஒரே பாஸ் தத்துவம் உடைஞ்சுபோச்சான்னா இல்ல, ஏன்னா E யும் O வும் முதல்லயே அனுமதி குடுத்திருக்கணும், F யும் P யும் என்ன முடிவு பண்ணாங்கன்னு E க்கும் O வுக்கும் உடனே தெரியப்படுத்தணும். F க்கும் P க்கும் ஒத்துப்போற வரைக்கும், மேல இருக்குறவங்க சம்மதம் இருக்குற வரைக்கும்தான் பாலம் செல்லும், இதுல எது விட்டுப்போனாலும் அந்த நிமிஷமே நேர் பேச்சை நிறுத்திட்டு பழையபடி படி ஏறித்தான் போகணும்.