அழுகைக்குள் இருக்கும் இரண்டு அழுகைகள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ரெண்டரை வயசு. நல்லூர்த் திருவிழாவில பலூன் வாங்கித் தரேல்லை எண்டு மணலில விழுந்து உருண்டு கத்தினான். சனமெல்லாம் பார்க்குது. ஒரு அடி போட்டிட்டன். வீட்டை வந்தால் அம்மம்மா கண்ணூறு எண்டு செத்தல் மிளகாய் சுத்திப் போட்டா. எது சரி?"

இரண்டும் சரியில்லை. ஆனால் இரண்டும் பலித்ததுபோல ஏன் தோன்றுகின்றன என்பதில்தான் விசயம் இருக்கிறது.

ஆசையை அடக்கிவைக்கும் மூளையின் முன்பகுதி முதிர இருபது வயதும் தாண்டும். இது பலரும் அறிந்தது. நான் சொல்ல வந்தது அழுகையின் சத்தத்தைப் பற்றி.

அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கல் பொட்டேகலும் ஜேம்ஸ் கிறீனும் சின்னப் பிள்ளைகளின் உடுப்புக்குள் ஒலிவாங்கியைத் தைத்து, வீட்டில் அப்படியே விளையாட விட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அழுகைகள் பதிவாகின. அவற்றின் சுருதி, வலு எல்லாவற்றையும் அளந்து 2011இல் வெளியிட்டார்கள். நமக்கு ஒரே கூச்சலாகக் கேட்பது, அளவீட்டில் வெவ்வேறாகப் பிரிந்தது. வீரிடுவதும் கத்துவதும் ஒரு கூட்டம். உதைப்பது, எறிவது, தள்ளுவது அவற்றோடு சேர்ந்து வரும். அது கோபம். சிணுங்குவதும் விம்முவதும் இன்னொரு கூட்டம். தூக்கச்சொல்லிக் கை நீட்டுவது அதோடு சேரும். அது கவலை.

முதலில் கோபம், அது முடியக் கவலை என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். அப்படியல்ல. கவலை தொடக்கத்திலிருந்து கடைசிவரை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோபம் அதற்கு மேலே சட்டென்று ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று இறங்குகிறது. இறங்கியதும் அடியில் கிடந்த கவலை வெளியே தெரிகிறது. அந்த நேரத்தில் பிள்ளை தேடுவது பலூனை அல்ல, உங்களை.

என் மகனுக்கு மூன்று வயதில், தோசையை நான் பிய்த்து வைத்துவிட்டேன் என்று கோப்பையைத் தள்ளிவிட்டு வீரிட்டான். "ஏன் அழுகிறாய், என்ன வேணும்?" என்று கேட்கக் கேட்கச் சத்தம் கூடியது. கோபம் உச்சியில் நிற்கும்போது கேள்வி இன்னொரு சுமை. அதை வாங்கிக்கொள்ள அந்த மூளையில் இடமில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் உடைந்து சிணுங்கலானது. சம்பல் பிரண்ட விரல்களால் என் சாறத்தின் நுனியைப் பிடித்தான்.

இனி மிளகாய்க்கு வருவோம். பொட்டேகலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் விவரித்த அழுகைகளில் 75 வீதமானவை 5 நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. முதல் 30 விநாடிக்குள் காலை நிலத்தில் அடித்தாலோ கீழே விழுந்தாலோ அழுகை சீக்கிரம் முடியும் வாய்ப்புக் கூட. ஆக, தொடக்கத்திலேயே மணலில் விழுந்திருந்தால் அதுவே முடிவு கிட்டிவிட்டதற்கு ஒரு அடையாளம்! அம்மம்மா மிளகாயை எடுத்து மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடுவதற்குள் கோபம் தானாக இறங்கியிருக்கும். பேர் மிளகாய்க்குப் போகும். நீங்கள் போட்ட அடிக்கும் அதே கணக்குத்தான். ஆனால் மிளகாயால் பிள்ளைக்குக் கேடில்லை. அடியின் கதை வேறு: 1,60,000 பிள்ளைகள் வரை அடங்கிய ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, அடிவாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. "அடியாத மாடு படியாது" என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதை நாம் நிறுத்தவேண்டும்.

அதற்காகப் பலூனை வாங்கிக் கொடுக்கவும் தேவையில்லை. வாகனம் வரும் இடமென்றால் முதலில் தூக்கி ஒதுக்குப்புறம் கொண்டுபோங்கள். பிறகு அவன் உயரத்துக்குக் குந்தி, "பலூன் வேணும் எண்டு ஆசைதான், இண்டைக்கு வாங்கேல்லை" என்று ஒரேயொரு தரம் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். சத்தத்தைக் கேளுங்கள். வீரிடல் சிணுங்கலாக மாறும்போது கையை விரியுங்கள். தன்னைத்தானே காயப்படுத்தும் பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.

ஓர் ஒலிவாங்கி, ஒரு சின்னச் சட்டை, பொறுமை. பெரிய இயந்திரம் கேட்காத இப்படியான ஆய்வுகளுக்காவது நம் பல்கலைக்கழகங்களுக்குக் காசு ஒதுக்கவேண்டும். ஒரே வளவில் அம்மம்மா, சித்தி, மாமா எல்லாரும் இருக்கும் வீட்டில், அந்தக் கவலை எவருடைய மடியில் வேகமாக இறங்குகிறது என்று அளந்து பார்க்க எனக்கு ஆசை.