இழுக்க இழுக்கத் தோற்கும் சண்டை

போர் விமான சிமுலேட்டரில் புதிதாக உட்காருகிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். எதிரி இடது பக்கம் திரும்புகிறானா, நாமும் இடது பக்கம். அவன் இன்னும் இறுக்கித் திரும்புகிறானா, நாம் ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுக்கிறோம். விமானம் உதறும், திரை இருளும், வேகமானி சரசரவென்று இறங்கும். கடைசியில் ஒரு பக்க இறக்கை பொத்தென்று விழுந்து வானமும் தரையும் மாறி மாறிச் சுழலும். முதல் மாதம் முழுக்க நான் இப்படித்தான் செத்தேன். அதில் பாதி முறை எதிரி சுடவே இல்லை.

இழுப்பது ஏன் உதவவில்லை என்பதற்கு ஊஞ்சலைப் பார்த்தால் போதும். உச்சியில் உயரம் இருக்கும், வேகம் இருக்காது. அடியில் வேகம் இருக்கும், உயரம் இருக்காது. இரண்டும் ஒரே ஆற்றலின் இரண்டு வடிவங்கள். விமானத்துக்கும் அதே கதைதான். மணிக்கு 540 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் மூக்கை மேலே தூக்கி 360-க்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டால், அந்த வேகத்துக்கு ஈடாகக் கிட்டத்தட்ட 640 மீட்டர் உயரம் கிடைக்கும். காற்றின் தடையையும் எஞ்சினின் இழுவையையும் சேர்க்காத கணக்கு இது. மறுபடி கீழே பாய்ந்தால் வேகம் திரும்பி வரும். ஆகவே ஒரு விமானி எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். வேகத்தையும் உயரத்தையும் கூட்டி அவனிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பார்வையை முறையான கணிதமாக மாற்றியவர் அமெரிக்க விமானப் படையின் ஜான் பாய்ட். 1960-களின் தொடக்கத்தில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து, எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு சீக்கிரம் ஆற்றலைச் சேர்க்கும் அல்லது இழக்கும் என்று வரைபடங்கள் போட்டார். இரண்டு விமானங்களின் படத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எங்கே சண்டை போடலாம், எங்கே போடவே கூடாது என்று தெரிந்துவிடும். இன்றைக்கு சிமுலேட்டர் ஆடுபவர்கள் ‘எனர்ஜி’ என்று வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான். “அவன்கிட்ட எனர்ஜி இருக்கு, போகாதே” என்று ஹெட்போனில் ஒரு குரல் வந்தால் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, திரும்புவதற்கு வருவோம். விமானம் திரும்ப வேண்டுமானால் முதலில் சாய வேண்டும். அப்போது இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் விமானியின் எடை இரண்டு மடங்காகத் தெரியும், அதாவது 2 ஜி. சுமார் 75 பாகையில் 4 ஜி. இப்போது ஒரே 4 ஜியில் இரண்டு வேகங்களை ஒப்பிடலாம். மணிக்கு 400 கிலோமீட்டரில் வட்டத்தின் ஆரம் 325 மீட்டர், ஒரு முழுச் சுற்றுக்குப் பதினெட்டு விநாடி சொச்சம். 600 கிலோமீட்டரில் ஆரம் 730 மீட்டர், சுற்றுக்கு 27 விநாடிக்கும் மேல். வேகம் ஒன்றரை மடங்கானதும் வட்டம் இரண்டே கால் மடங்காகிவிட்டது. வேகமாக வருபவன் எதிரியைத் தாண்டி முன்னால் போய் விழுவது இதனால்தான்.

அப்படியானால் மெதுவாகப் போனால் போதுமே? அங்கேதான் ஸ்டால் காத்திருக்கிறது. இறக்கை காற்றை ஓரளவு கோணத்தில்தான் சந்திக்க முடியும். பெரும்பாலான இறக்கைகளுக்குச் சுமார் 15 பாகை. அதைத் தாண்டினால் மேல்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துகொண்டு போகும், தூக்குவிசை சரியும். நேராகப் பறக்கையில் 150 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 4 ஜி இழுத்தால் 300-லேயே ஸ்டால் ஆகும். 6 ஜிக்கு சுமார் 367 வேண்டும். விமானம் தாங்கக்கூடிய உச்ச ஜியை ஸ்டால் ஆகாமல் இழுக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் ஒன்று உண்டு. அதைக் கார்னர் வேகம் என்பார்கள். அங்கே திரும்புவதைவிடச் சீக்கிரம் வேறெந்த வேகத்திலும் உங்கள் விமானத்தால் திரும்ப முடியாது.

ஆனால் அங்கேயே தங்க முடியாது, ஏனென்றால் இழுப்பதற்கு விலை உண்டு. இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போதே கூடவே ஒரு தடையும் பிறக்கிறது. அது தூக்குவிசையின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தில் 4 ஜி இழுத்தால் அந்தத் தடை 16 மடங்கு. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. வேகம் கரையும், கரையக் கரைய அடுத்த திருப்பம் மோசமாகும். நான் சுடப்படாமலே செத்ததன் காரணம் இந்த 16.

இதிலிருந்து தப்பிக்கும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஹை யோ-யோ. நீங்கள் 520-இல் வருகிறீர்கள், எதிரி 380-இல் இடது பக்கம் இறுக்கித் திரும்புகிறான். பின்னால்தான் இருக்கிறீர்கள், ஆனால் இன்னும் இரண்டு விநாடியில் அவனைத் தாண்டிவிடுவீர்கள். கை இழுக்கச் சொல்லும். இழுக்காதீர்கள். சாய்வைக் கொஞ்சம் குறைத்து, மூக்கை அவனுடைய வட்டத்திலிருந்து மேலே தூக்குங்கள். அவன் திரையின் கீழே நழுவுவான், நெஞ்சு பதறும். வேகம் 480, 430, 390. இப்போது அவனுக்கு மேலே ஏறக்குறையத் தலைகீழாக இருக்கிறீர்கள். மண்டைக்கு மேலே, காக்பிட் கண்ணாடி வழியாக, அவன் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். அங்கே மெல்ல இழுத்தால் போதும், மூக்கு அவன் வட்டத்துக்குள் சாயும். அவன் வாலுக்குப் பின்னால் இறங்கும்போது இழந்த வேகத்தில் பெரும்பகுதி கையில் திரும்ப வந்திருக்கும்.

இதில் ஒரு அழகு உண்டு. தலைகீழாக இருக்கும்போது புவியீர்ப்பும் உங்களைத் திருப்ப உதவுகிறது. 4 ஜி இழுத்தால் திருப்பத்துக்கு 5 ஜி அளவு கிடைக்கும். அதையே அடியில், மேல்நோக்கி வளையும்போது இழுத்தால் கிடைப்பது மூன்றுதான். மேலே திருப்பு, கீழே ஓடு என்று பழைய ஆட்கள் சொல்வதன் பொருள் இதுதான். வேகம் போதாமல் பின்தங்கினால் இதையே தலைகீழாகச் செய்வது லோ யோ-யோ. மூக்கைக் கீழே போட்டு, உயரத்தை விற்று வேகத்தை வாங்கி, வட்டத்தின் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டுவது.

எதிரெதிரே வந்து கடந்து போகும் சண்டைகளில் முதல் திருப்பமே பாதித் தீர்ப்பு. இருவரும் அவரவர் இடது பக்கம் திரும்பினால் இரண்டு தனி வட்டங்கள் உருவாகும். யார் விநாடிக்கு அதிக பாகை திரும்புகிறாரோ அவர் மற்றவரின் வாலைப் பிடிப்பார். ஒருவர் இடது, மற்றவர் வலது என்றால் இருவரும் ஒரே பக்கத்துக்குத்தான் வருகிறார்கள், மூக்குக்கு மூக்கு. அங்கே சின்ன வட்டம் போடுபவர் ஜெயிப்பார். ஆக, உங்கள் விமானம் சுற்று வேகத்தில் கெட்டியா, ஆரத்தில் கெட்டியா என்று தெரியாமல் கடந்து போவது குருட்டாட்டம்.

வாலில் ஆள் ஒட்டிக்கொண்டபின் செய்வதெல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான்: அவனை முன்னால் தள்ளுவது. சட்டென்று இறுக்கித் திரும்பி அவனுக்குக் குறி கிடைக்காமல் செய்யலாம். பேரல் ரோலில் சுருள்பாதையில் போனால் நேரான தூரம் குறையும், அவன் தாண்டிப் போவான். தாண்டிய கணமே திசையை மாற்றினால் ‘கத்தரி’ எனப்படும் சண்டை தொடங்கும். இரண்டு பாதைகளும் மாறி மாறி ஒன்றையொன்று வெட்டும். கத்தரியில் ஜெயிப்பவர் மெதுவாகப் பறக்கத் தெரிந்தவர். விமானப் போர்களிலேயே மந்தமானவன் ஜெயிக்கும் விசித்திரமான இடம் அது. மூன்றாவது ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் அங்கே போகவே கூடாது, மெதுவாகப் பறக்கும் இரண்டு விமானங்களும் அவனுக்கு விருந்து.

சுடுவதும் இதே அளவு ஏமாற்றும். 300 மீட்டர் தூரத்தைக் கடக்கத் தோட்டாவுக்குச் சுமார் 0.4 விநாடி ஆகும் என்று வையுங்கள். விநாடிக்கு 150 மீட்டர் போகும் எதிரி உங்களுக்குக் குறுக்கே பறந்தால், அதற்குள் 60 மீட்டர் நகர்ந்துவிடுவான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் நீளம் ஒன்பது மீட்டர்தான். அவன் மூக்குக்கு முன்னால் ஆறேழு விமான நீளம் விட்டுச் சுட வேண்டும். இப்படிச் சுடுவது சிலருக்கு வரும், பலருக்கு வராது. மீதிப் பேர் நெருங்கிப் போக வேண்டியதுதான். 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் பலர் இறக்கைத் துப்பாக்கிகளின் தோட்டாக்கள் ஒன்றுசேரும் தூரத்தை 400 கெஜத்திலிருந்து 250-க்குக் கொண்டுவந்தது அதனால்தான். சிமுலேட்டர்கள் பலவற்றில் இந்தத் தூரத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

விமானங்களின் குணமும் கணக்கில் சேரும். ஜப்பானின் ஜீரோ மெதுவான வேகத்தில் திரும்புவதில் அரக்கன். 1942-இல் அலூஷியன் தீவுகளில் விழுந்து கிடந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் பழுதுபார்த்துப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, வேகம் ஏறினால் அது பக்கவாட்டில் உருளத் திணறுவது தெரியவந்தது. அதற்கு முன்பே, தங்கள் வைல்ட்கேட் போர் விமானம் ஒன்று தனியாக அதனோடு சுற்றினால் தேறாது என்று உணர்ந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், மேசையில் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு வழி கண்டார். இரண்டு விமானங்கள் அருகருகே பறந்து, ஒருவர் வாலில் ஜீரோ ஒட்டினால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பி பின்னல்போல் குறுக்கே வெட்டுவது. துரத்துபவன் மற்றவரின் துப்பாக்கிக்கு நேராக வருவான். 1942 ஜூனில் மிட்வே போரில் அது பலித்தது. இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு இதைச் செய்து பாருங்கள், பேச்சே இல்லாமல் நடந்தால் அடையும் மகிழ்ச்சி தனி.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் இன்னொரு வேடிக்கை. ஆரம்பகால கார்புரேட்டர்கள், மூக்கை வெடுக்கென்று கீழே அமுக்கினால் எரிபொருள் சரியாகப் போகாமல் இருமும். நேரடியாக எரிபொருள் பீச்சும் ஜெர்மானிய பிஎஃப் 109 போர் விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அது பாய்ந்து தப்பித்துவிடும். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் துளையிட்ட சிறு உலோகத் தட்டு ஒன்றைப் பொருத்தி இதைப் பெருமளவு தணித்தார். நல்ல சிமுலேட்டர்கள் இதையும் விடுவதில்லை. துரத்தும் வேகத்தில் அமுக்கினால் எஞ்சின் உண்மையிலேயே மூச்சுவிட மறக்கும்.

ஒன்று மட்டும் சிமுலேட்டரால் தர முடியவில்லை: உடல் உணரும் ஜி. அதற்குப் பதில் திரையின் ஓரங்கள் கறுக்கும், மூச்சு இரைக்கும் சத்தம் வரும். நிஜ விமானி இருக்கையில் உணரும் உதறலை நாம் காதால் கேட்கிறோம். ஆகவே பழகியவர்கள் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். ஸ்டாலுக்குச் சற்று முன்னால் வரும் அந்த மெல்லிய கடகடப்புதான் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அளவுகோல். பார்வை அடுத்த சிக்கல். தலையின் அசைவைப் பின்தொடரும் கருவியோ விஆர் கண்ணாடியோ இருந்தாலும், கழுத்தை முறுக்கி எதிரியைக் கண்ணிலிருந்து விடாமல் வைத்திருப்பது வேறு பயிற்சி. கண்ணிலிருந்து போனால் சண்டையும் போனது.

தோற்ற சண்டைகளை, பறந்த பதிவைக் காட்டும் டாக்வியூ என்ற மென்பொருளில் திரும்ப ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு விமானங்களின் பாதைகளும் வண்ண நாடாக்களாக விரியும். போன வாரம் தோற்ற ஒன்றில் என் நாடா ஒரே மட்டத்தில் சுருள் சுருளாக இறுகுகிறது. வேகம் 430, 380, 310, 250. பதினோராவது விநாடியில் நான் ஜாய்ஸ்டிக்கை முழுக்க இழுத்திருக்கிறேன். அதே விநாடியில் அவன் இழுப்பது ஒன்றரை ஜி, மேலே போய்க்கொண்டிருக்கிறான். “எங்கே போனான்?” என்று நான் கேட்ட குரல் பதிவில் இருக்கிறது. அப்போது அவன் என் தலைக்கு நேர் மேலே, தலைகீழாக, அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.