அக்காவின் முதல் பத்து நிமிடம்

காலை ஆறு ஐம்பது. மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டு. இரவு ஷிஃப்ட் முடித்தவர்களும் காலை ஷிஃப்டுக்கு வந்தவர்களும் கவுண்டரைச் சுற்றி நிற்கிறார்கள். பாஸ் ஓவர், அதாவது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது, இன்னும் தொடங்கவில்லை. என் அக்கா அங்கே சிஸ்டர், அதாவது தலைமைத் தாதி. பெருநிலத்தில் இருக்கும் பிறை ஊரிலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டி வந்து காரை நிறுத்துவதற்குள் கைப்பேசியில் இரண்டு எம்.சி., அதாவது இரண்டு தாதியரின் மருத்துவ விடுப்பு, வந்து கிடக்கிறது. முப்பது நோயாளிகளை இன்று மூன்று பேர் பார்க்க வேண்டும்.

இரவு ஷிஃப்டில் இருந்த இளம் தாதி ஒருத்தி கையில் சார்ட்டோடு அருகில் வந்தாள். ஒரு நோயாளிக்குக் காலை இன்சுலினை நான்கு யூனிட் கூடுதலாகப் போட்டுவிட்டாள். அதைச் சொல்லத்தான் வந்தாள். அக்கா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "என்ன இப்போ?" என்றாள். "ஒன்னும் இல்ல சிஸ்டர்" என்று அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அந்த நோயாளிக்கு வியர்த்துக் கொட்டியது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.3 மில்லிமோல், இருக்க வேண்டியதைவிடக் குறைவு. உடனே குளுக்கோஸ் கொடுத்தார்கள், தெளிந்துவிட்டார். அன்றிரவு அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "நான் திட்டக்கூட இல்லடி. ரெண்டே வார்த்தைதான் சொன்னேன்."

நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன நடந்தது என்று எனக்கு ஓரளவு சொல்லத் தெரியும்.

எம்.சி. செய்தியைப் பார்த்த நொடியிலேயே அக்காவின் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து மணியை அடித்திருக்கும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரீனலினைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், தோள்கள் இறுகும். கொஞ்சம் பின்னால் வருவது கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லி, அது அட்ரீனலுக்குச் சொல்லி, இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறத்தாழ இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். இறங்க அதைவிட நேரமாகும். அதாவது கார் நிறுத்துமிடத்தில் படித்த செய்தி, அவள் வார்டுக்குள் நுழையும் நேரத்தில்தான் உடம்பில் முழுதாக ஏறி நிற்கிறது.

இதே நேரம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் பிடி தளர்கிறது. யோசித்துப் பேசுவது, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வது, எதிரில் நிற்பவரின் முகத்தைப் படிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அமெரிக்க நரம்பியலாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இதைத்தான்: அழுத்தத்தில் மிகையாகச் சுரக்கும் நோரட்ரீனலின், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்கள் அந்தப் பகுதியின் நரம்பு இணைப்புகளை வலுவிழக்கச் செய்கின்றன. அக்கா எரிந்து விழுகிற சுபாவம் உள்ளவள் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவளுடைய கடிவாளம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஒருவர் உடம்பில் நடப்பது அடுத்தவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? முகம் வழியாக, குரல் வழியாக. ஸ்வீடனின் உல்ஃப் டிம்பெர்க் 2000-இல் ஒரு சோதனை செய்தார். கோபமுகம் அல்லது சிரித்தமுகம் ஒன்றை 30 மில்லிநொடி மட்டும் திரையில் காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகத்தால் மறைத்தார். பார்த்தவர்களுக்கு முதல் முகத்தைக் கண்டதே தெரியாது. ஆனாலும் கோபமுகத்துக்குப் புருவத் தசையும் சிரித்தமுகத்துக்குக் கன்னத் தசையும் அசைந்தன. ஜெர்மனியில் வெரோனிகா எங்கர்ட்டின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அழுத்தமான நேர்காணலில் ஒருவர் திணறுவதைச் சும்மா வேடிக்கை பார்த்தவர்களில் 26 விழுக்காட்டினருக்குக் கார்ட்டிசோல் கூடியது. திணறியவர் தன் துணையாக இருந்தால் அது 40 விழுக்காடு. அழுத்தம் ஒட்டிக்கொள்ளும் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது உமிழ்நீரில் அளந்து பார்க்கக்கூடியதாகவே இருக்கிறது. வார்டில் எல்லார் கண்ணும் சிஸ்டரின் முகத்தில்தான். இன்றைய நாள் எப்படிப் போகும் என்று அங்கேதான் பார்க்கிறார்கள்.

அந்த இளம் தாதி ஏன் திரும்பிப் போனாள் என்பதற்கு நான் கண்ட மிகத் தெளிவான பதில் இஸ்ரேலில் நடந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், இரண்டு தாதியர். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென்று மோசமாவதுபோன்ற ஒத்திகை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள். பாதிக் குழுக்களிடம் அந்த நிபுணர், உங்கள் நாட்டு மருத்துவத்தின் தரம் என்னைக் கவரவில்லை என்பதுபோல் இளக்காரமாகப் பேசினார். மற்றப் பாதியிடம் சாதாரணமாகப் பேசினார். இளக்காரத்தைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் தெளிவாகப் பின்தங்கின. தகவலைப் பகிர்ந்துகொள்வதும் உதவி கேட்பதும் அவர்களிடம் குறைந்துபோயிருந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. நாலு வார்த்தை, அதுவும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வார்த்தை.

இதைப் படித்த பிறகு, மேலாளர் தன் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்வதை ஓய்வுநேர ஆடம்பரமாக என்னால் நினைக்க முடியவில்லை. கை கழுவுவதுபோல அதுவும் நோயாளியின் பாதுகாப்பில் சேர்ந்தது.

அக்காவிடம் இன்னொரு தவறான நம்பிக்கை இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். நல்ல தலைவி என்றால் எல்லாருடைய வேதனையையும் தானும் சுமக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு தாதியின் கணவருக்கு வேலை போனது, இன்னொருத்தியின் அம்மாவுக்குப் புற்றுநோய், எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கி வருவாள். சில மாதங்களில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள். வீட்டில் போனில் பேசும்போது நோயாளிகளைப் பெயர் சொல்வதையே விட்டாள். "காத்தில் அம்பாட் பெலாஸ் சாப்பிட்டாச்சா?" பதினான்காம் கட்டில் சாப்பிட்டதா என்று பொருள். மலாயில் கட்டிலைக் குறிக்கும் அந்தச் சொல் தமிழிலிருந்து போனதுதான், அது வேறு விஷயம். மனிதர் கட்டிலாக மாறிப்போனதைக் கேட்டு எனக்குப் பகீரென்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களில் இதுவும் ஒன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை, பணியிடத்தில் விளைவது என்றது.

ஒத்துணர்வு வேறு, பரிவு வேறு என்று தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற மூளை ஆய்வாளர்கள் ஸ்கேனில் காட்டினார்கள். துன்பப்படுவோரின் காணொளிகளைப் பார்த்து, அந்த வலியைத் தானும் உணரப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மனம் மேலும் கனத்தது. நாமே வலிப்படும்போது விழிக்கும் மூளைப் பகுதிகள், இன்சுலாவின் முன்பக்கம் போன்றவை, அவர்களிடம் தூண்டப்பட்டன. அதே ஆட்களுக்குப் பிறகு, எதிரில் இருப்பவர் நலமாக வேண்டும் என்ற கனிவை வளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது, பாசத்தோடும் நிறைவோடும் தொடர்புடைய வேறு பகுதிகள் விழித்தன. மனமும் தேறியது. காட்சிகள் மாறவில்லை, துன்பம் அதே துன்பம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சொன்னதை இப்போது வேறு காதால் கேட்கிறேன். உன் வலி உன்னுடையது, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்: இந்த இடைவெளி இருந்தால்தான் உதவ ஒரு கை மிஞ்சும்.

நடைமுறையில் அக்கா மாற்றியது கொஞ்சம்தான். காரிலிருந்து இறங்குமுன் இரண்டு நிமிடம் மூச்சை மெதுவாக வெளியே விடுகிறாள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று மெதுவாக்கும். அது யாருக்கும் நடக்கும், நாடியில் விரல் வைத்துப் பார்க்கலாம். கவுண்டருக்கு வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். யாராவது தவறைச் சொல்ல வந்தால் முதல் கேள்வி "யார் செஞ்சது?" இல்லை, "இப்ப நோயாளி எப்படி இருக்கார்?" அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறைப் பேசப் பயமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். அதனால் தன் வார்டில் தவறு அறிக்கைகள் கூடினால் அக்கா இப்போது பதறுவதில்லை.

வீடு திரும்பிய பிறகும் காரிலேயே பதினைந்து நிமிடம் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்க்கும் வழக்கத்தை விடுவதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. மனம் வேலையிலிருந்து முழுசாகக் கழன்றால்தான் உடல் மீளும். ஆனால் ஓய்வு மிகவும் தேவைப்படும் நாளில்தான் கழன்றுகொள்வது மிகவும் கடினம். ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக் இதை மீட்சியின் முரண் என்கிறார்.

மூச்சுப் பயிற்சி இரண்டு எம்.சி.யின் இடத்தை நிரப்பாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் பற்றாக்குறைக்குத் தியான வகுப்பு வைத்துவிட்டு நகர்ந்துவிடும் நிர்வாகங்கள் உண்டு. மருத்துவப் பணிக் கலாசாரத்தை ஆராய 2022-இல் நம் சுகாதார அமைச்சு தனிப் பணிக்குழுவே அமைக்க வேண்டி வந்தது. ஒருவர் இருவர் மனத்திடத்தோடு முடிகிற காரியமாக இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே சொன்னார்: வேலைப்பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பதில் தனக்குப் பிடிமானம் குறைவு, இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர் அதிகம் நொறுங்குகிறார். பளுவைக் குறைக்கும் அதிகாரம் சிஸ்டருக்கு இல்லை. அதனால் மாதாமாதம், ஷிஃப்ட் முடிந்தும் யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று கணக்கிட்டு, தனக்கு மேலதிகாரியான மேட்ரனுக்கு எழுதி அனுப்புகிறாள். பிடிமானத்தைக் கொடுப்பது மட்டும் அவள் கையில் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு ஜாதுவலை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, தானே எழுதி ஒட்டாமல், வெறும் கட்டங்களாகக் கவுண்டரில் வைத்தாள். நோன்புப் பெருநாளன்று தங்களுக்காக வேலைக்கு நின்ற தமிழ்த் தாதியருக்குப் பதிலாக, மலாய்த் தாதியர் கட்டங்களில் தங்கள் பெயரை எழுதத் தொடங்கினார்கள். இன்சுலின் விஷயத்தில் வாய் திறக்காமல் போன அந்தப் பெண், தனக்கு இரவு ஷிஃப்ட் வேண்டாம், அம்மாவோடு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று கேட்டே விட்டாள். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரையிலான கட்டத்தில் அக்கா தன் பெயரை எழுதினாள்.