காலாவதி: போய்விட்டதா, போகப்போகிறதா?

"சான்றிதழ் காலாவதி: 12 நாட்கள்."

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை (தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் மின்னணுச் சான்றுகளை) கண்காணிக்கும் ஒரு மென்பொருள் தமிழில் அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சலின் தலைப்பு இது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி அதைப் படித்துவிட்டு, "அண்ணே, இது போயிடுச்சா, இல்ல இனிமேதான் போகப்போகுதா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. தளத்தைத் திறந்து சான்றிதழில் உள்ள தேதியைப் பார்த்த பிறகுதான் இன்னும் 12 நாள் மிச்சம் என்று புரிந்தது. எச்சரிக்க வந்த வரியையே சரிபார்க்க வேண்டியிருந்தால் அந்த வரி எதற்கு?

காலாவதி வடமொழிச் சொல். காலம் + அவதி. அவதி என்றால் அங்கே எல்லை. நாம் படுகிற அவதியை இதில் இழுக்க வேண்டாம். ஆக, காலத்தின் எல்லை. மலையாளத்தில் இன்றும் அதே பொருள்தான்: 'காலாவதி கழிஞ்ஞு' என்றால் விதித்த காலம் முடிந்துவிட்டது. தமிழிலோ எல்லையைக் குறித்த சொல், எல்லை தாண்டியதையும் குறிக்க வந்துவிட்டது. தம்பியின் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

மாத்திரை அட்டையில் 'காலாவதி தேதி' என்று போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. பக்கத்திலேயே தேதி நிற்கிறது. மாத்திரையும் நாள்பட்டால் வீரியம் குறைகிற பொருள். சான்றிதழ் அப்படியா? அதில் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு தேதிகள் எழுதியிருக்கும். முடிவு நாளின் கடைசி நொடிக்கு முன்னும் பின்னும் அதே சாவி, அதே கையொப்பம். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் மறையாக்கத்தின் வலிமை இம்மியும் குறைவதில்லை. முடிந்தது அதற்கு விதித்த நாள் மட்டும்தான். 'காலாவதியான சிந்தனை' என்று நாம் பேசிப் பழகியதால், 'காலாவதியான சான்றிதழ்' என்றதும் பழைய மாதிரிச் சான்றிதழ் என்றே பலர் நினைக்கிறார்கள். 'தளத்தின் பாதுகாப்பு காலாவதியானது' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். பாதுகாப்பு எப்படி ஐயா காலாவதியாகும்?

சரி, வடமொழி வேண்டாம் என்று சிலர் 'செல்லாத சான்றிதழ்' என்று எழுதுகிறார்கள். செல் நல்ல வேர். செல்லாக்காசு என்று எல்லோரும் பேசுகிறோம். ஆனால் சான்றிதழ் செல்லாமல் போக வேறு காரணங்களும் உண்டு. தளத்தின் பெயர் பொருந்தாமல் இருக்கலாம். வழங்கியவரை உலாவி நம்பாமல் இருக்கலாம். வழங்கியவரே நடுவில் திரும்பப் பெற்றிருக்கலாம். நாள் முடிந்ததென்றால் பெரும்பாலும் யாரோ மறந்துவிட்டார்கள். திரும்பப் பெற்றதென்றால் சாவியே களவு போயிருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்பது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் 'உடம்பு சரியில்லை' என்று சீட்டு எழுதுவது போல. தூய்மை கிடைத்தது, தெளிவு போய்விட்டது.

நான் எழுதுவது கெடு. கெடு வைத்தார்கள், கெடு நெருங்குகிறது, கெடு தாண்டிவிட்டது என்று வாயில் புழங்கும் சொல். தெலுங்கில் இதே பொருளில் 'கடுவு' உண்டு. கெடுதல் நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் ஆட்சேபித்தார். 'ஒரு வாரம் கெடு' என்ற செய்தித் தலைப்பைப் படித்து யாரும் கெடுதல் என்று எண்ணுவதில்லை. எல்லையும் அதைத் தாண்டுவதும் இதில் தனித்தனியே நிற்கின்றன: 'கெடு முடிய 12 நாள்', 'கெடு முடிந்து 12 நாள்'. தம்பி கேட்ட கேள்விக்கே இடமில்லை. கண்காணிப்பு என்பதும் மிச்சமுள்ள நாளை எண்ணுவதுதான். 'காலாவதிக் கண்காணிப்பு' என்றால் நடந்து முடிந்ததை வேடிக்கை பார்ப்பது போல ஒலிக்கிறது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்தச் சான்றிதழ்களுக்கு உச்ச காலம் 398 நாள் என்று ஆனது. 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் உலாவி தயாரிப்போரும் சேர்ந்து 2025-இல் தீர்மானித்தார்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், கெடு நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டுவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணிநேரம் முடங்கியதற்கு, கெடு முடிந்த ஒரே ஒரு சான்றிதழ்தான் காரணம். இந்த வரிகளை இனி அடிக்கடி படிக்கப்போகிறோம், அதுவும் அவசரத்தில்.

மொழிபெயர்ப்பாளர் கையில் சொற்பட்டியல் மட்டும்தான் கிடைக்கிறது, திரை கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் கேட்டு வாங்க வேண்டும். அதே மென்பொருளில் 'சான்றிதழை நீட்டு' என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. சான்றிதழை யாரும் நீட்டுவதில்லை. புதிய வரிசை எண்ணோடு, புதிய தேதிகளோடு வேறொன்று வாங்குகிறோம். வாங்கியதைச் சேவையகத்தில் ஏற்றவும் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் நாள் நீண்டுவிட்டது என்று நம்பி ஏற்றாமல் விட்டால், புதியது கோப்புறையில் கிடக்கும், தளம் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொத்தானுக்கு 'புதிய சான்றிதழ் பெறு' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.