வாஸ்குலைட்டிஸ்: ரத்தக்குழாயில் பற்றும் அழல்

வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்று திரும்பத் திரும்ப வருவது பெஹ்சேத் நோய். அது என்று முடிவானவரின் மருத்துவச் சீட்டில் ‘வாஸ்குலைட்டிஸ்’ என்ற சொல்லும் பெரும்பாலும் கூடவே வரும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், “நரம்பு வீங்கிக்கினு கீது” என்பார்கள். பேச்சுக்குப் போதும். எழுதும்போது ‘நரம்பு’, ‘வீக்கம்’ இரண்டுமே இடறும்.

நம் பேச்சில் நரம்பு என்றால் ரத்தக்குழாயும்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ‘நரம்பு ஊசி’ என்றால் எதில் குத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பழந்தமிழில் யாழின் தந்திகூட நரம்புதான். ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. ‘நரம்பு அழற்சி’ வேறு நோய். பெஹ்சேத் சிலருக்கு மூளையையும் தாக்கும் என்பதால் இங்கே குழப்பம் இரட்டிப்பு.

அடுத்தது வீக்கம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு (இன்ஃப்ளமேஷன்) 4 அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். வீக்கம் அதில் ஒன்று மட்டுமே. அழற்சிக்கான லத்தீன் சொல்லின் வேரில் இருப்பது தீச்சுடர். தமிழ் ‘அழற்சி’யின் வேரிலும் நெருப்புதான்: சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆனது. மதுரை எரிவதைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதிக்கு ‘அழற்படு காதை’ என்றே பெயர். இதைக் கலைச்சொல்லாக எடுத்தவர் தமிழ் அறிந்தவர்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நெருப்பு என்றதும் ‘உடம்புச் சூடு’ நினைவுக்கு வரும். வாய்ப்புண் வந்தால் மணத்தக்காளிக்கீரை கடைந்து வைப்போம். சாதாரணப் புண்ணுக்குச் சரி. பெஹ்சேத் புண் திரும்பத் திரும்ப வரும். பிறப்புறுப்பிலும் வரும், கண்ணும் சிவந்து மங்கும். துருக்கியின் தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்சேத் 1937-ல் இம்மூன்றையும் ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டினார். உடலின் தற்காப்பே தன் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குகிறது, கீரையால் தணியாது.

‘வாஸ்’ லத்தீனில் கலன், ‘வாஸ்குலம்’ சிறுகலன். ‘இட்டிஸ்’ கிரேக்கம், முதலில் ‘அதைச் சார்ந்த நோய்’ என்றுதான் பொருள், அழற்சி என்பது பிறகு ஏறியது. இலங்கைத் தமிழர் எழுதும் ‘குருதிக்கலன்’ லத்தீனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. நம் பாடநூலின் ‘ரத்த நாளம்’ எனக்கு ஒப்பவில்லை. நாம் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) என்பதை இலங்கையில் நாளம் என்கிறார்கள். தமனி (இதயத்திலிருந்து ரத்தம் போகும் குழாய்) அவர்களுக்கு நாடி. பெஹ்சேத்தோ தமனி, சிரை, பெரியது, சிறியது என்று எதையும் விடாது. அதனாலேயே 2012-ல் வந்த, வாஸ்குலைட்டிஸ் நோய்களின் சர்வதேச வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம். ஆகவே என் தேர்வு, குழாயடியில் நிற்பவருக்கும் புரியும் ‘ரத்தக்குழாய் அழற்சி’. தமனியில் மட்டும் என்றால் தமனி அழற்சி, சிரையில் என்றால் சிரை அழற்சி.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் சிகிச்சையும் விளங்கும். இந்த நோயில் காலின் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வதுண்டு. ‘கட்டி அடைத்திருக்கிறது, ரத்தத்தை இளக்கினால் போதும்’ என்று தோன்றும். ஆனால் கட்டு உண்டானதே சுவர் அழன்றதால். எனவே ஸ்டீராய்டு, அசாதயோப்ரின் போன்ற, உடலின் தற்காப்பை அடக்கும் மருந்துகளால் அழற்சியை அடக்குவதுதான் முதல் வேலை. நுரையீரல் தமனி பலூன்போல் புடைத்தவருக்கு ரத்தம் இளக்கும் மருந்தே ஆபத்தாகலாம். அந்தப் புடைப்பு கசிந்தால் இருமலில் ரத்தம் வரும். அப்போது நம் பக்கத்தில் முதலில் வரும் நினைப்பு ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிதான். அந்தச் சந்தேகம் நியாயமானதே. அங்கே போனாலும், அடிக்கடி வரும் வாய்ப்புண்ணையும் கண் சிவந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் ஓரிரு நாளில் சீழ்க்கொப்புளம் கிளம்பியிருந்தால், அதையும். அதுவும் பெஹ்சேத்தின் ஓர் அடையாளம்.