'ஹரணம்' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் எல்லையோரப் பள்ளிகளில் தமிழ்வழி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு நடத்தி வருகிறேன். எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் தவறியவர்களுக்கான ஏப்ரல் வகுப்பில் ஒரு மாணவனின் நோட்டைப் புரட்டினேன். 'ஹரணம்' என்று தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அடுத்தடுத்த பக்கங்களில் இன்னும் மூன்று இடங்களில் அதே சொல்லும் அதே கேள்விக்குறியும் இருந்தன. பொள்ளாச்சிப் பக்கமிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன் அவன். வகுத்தல் அவனுக்கு நன்றாகவே தெரியும்; மலையாளத்தில் பாடம் நடத்திய ஆசிரியர் ஹரணம் என்று சொன்னது அந்த வகுத்தலைத்தான் என்பது மட்டும் தெரியாது. ஜூன் முதல் மார்ச் வரை எங்களில் ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய அம்மா, "டீச்சர், இவனுக்குக் கணக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, இன்னொரு டியூஷன் வைக்கட்டுமா?" என்று கண்கலங்கி நின்றார்.

இப்படி நான் பார்க்கும் முதல் பிள்ளை இவன் அல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

கேரளத்தில் 2024-25 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் பெற வேண்டும் என்ற முறை வந்தது. பெறாதவர்களுக்குச் சிறப்பு வகுப்பும் மறுதேர்வும் உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் தடுக்கிய இடத்தைக் கண்டுபிடிக்காமல் அதே பாடத்தை அதே சொற்களில் மீண்டும் நடத்தினால், பிள்ளை அதே இடத்தில்தான் மீண்டும் தடுக்கும்.

கை தூக்காத பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது, புரியாவிட்டால் கேட்டிருக்குமே என்று ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருசேர நம்புகிறார்கள். தயவுசெய்து இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை கேள்வி கேட்க வேண்டுமானால், தனக்கு எது தெரியவில்லை என்பது முதலில் அதற்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லச் சொல் வேண்டும். நாற்பது பேர் நடுவில் ஆசிரியரின் மொழி தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் சொல்லும், அந்தக் குரலில் புரியாதவனின் குரலும் சேர்ந்திருக்கும். "எந்த வரியில நின்னுட்ட?" என்று அருகில் போய்க் கேளுங்கள். பயிற்சியில் எங்களுக்கு இதைச் சொல்லித்தான் தந்தார்கள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நாங்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

மாணவரிடம் கருத்துக் கேட்டால் ஒழுங்கு கெடும் என்று அஞ்சும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது. மீதியில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ பள்ளி மாணவர்களுக்கோ தரலாம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே இடம் வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் ஸ்கூல் லீடர் தேர்தலை நடத்திவிட்டு, தேர்ந்தெடுத்த பிள்ளையை அசெம்பிளி வரிசையைச் சரிசெய்ய மட்டும் நிறுத்துவது போதாது.

பெற்றோரே, கிளாஸ் பி.டி.ஏ. என்னும் வகுப்புப் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்கு வரும்போது மதிப்பெண்ணை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், அவன் நோட்டை ஆசிரியர் முன் திறந்து வையுங்கள். ஆசிரியர்களே, பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் சதவீதம் வாசிப்பதற்கு முன், தவறிய பிள்ளைகள் சொன்ன காரணங்களை வாசியுங்கள். பிள்ளையின் முன்னால் 'மக்கு' என்ற சொல்லை இருவருமே எடுக்காதீர்கள்.

அந்தப் பையனும் இரண்டு மாணவிகளும் சேர்ந்து ஒரு தாளில் ஹரணம் – வகுத்தல், குணனம் – பெருக்கல், சமவாக்கியம் – சமன்பாடு என்று பட்டியல் எழுதி, ஜூனில் வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். மலையாளத்தில் பாடம் நடத்தும் அந்த ஆசிரியர் அதைத் தம் பாடக்குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டார். சயின்ஸுக்கும் இதுபோல ஒன்று எழுதித் தர முடியுமா என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார்.